மூன்றாவது கூம்பு

விருத்தாசலத்தில் பீங்கான் பொம்மை செய்யும் சிறு பட்டறை ஒன்றில் அப்போது சூளை வேலை பார்த்தேன். முதலாளியிடம் மட்டும் செல்போன் இருந்த காலம். சூளையை எப்போது நிறுத்துவது என்பதை நான்கு பேர் சேர்ந்து முடிவு செய்வோம். உள்ளே சூட்டை அளக்க மூன்று சிறு மண் கூம்புகள் நிற்கும். மூன்றும் சாய்ந்தால் பொம்மை வெந்துவிட்டது. ஒவ்வொருவராகச் சூளைச் சுவர் ஓட்டை வழியே பார்த்துவிட்டுப் பேசாமல் வேப்பமரத்தடிக்குப் போக வேண்டும். அங்கே, கடைசியாக வேலைக்குச் சேர்ந்தவன் முதலில் சொல்ல வேண்டும். நாற்பது வயதுக்கு மேல் வந்து சேர்ந்த நான்தான் அந்தக் கடைசி ஆள்.

ஒரு நாள் எங்களில் மூத்தவர் ஸ்ரீமுஷ்ணத்தில் ஒரு கல்யாணத்துக்குப் போக வேண்டியிருந்தது. மரத்தடிக்குப் போகாமல் ஓட்டையடியிலேயே, "ஆயிடுச்சு, மூடிடலாம்பா. பஸ்ஸு போயிடும்" என்றார்.

"ஆயிடுச்சுண்ணே" என்றார் இரண்டாமவர். மூன்றாமவரும் தலையாட்டினார். நான் பார்த்தேன். மூன்றாவது கூம்பு நேராக நின்றது.

"ஆயிடுச்சு" என்றேன்.

இரண்டு நாள் ஆறவிட்டுத் திறந்தோம். கீழ் வரிசைப் பொம்மைகளில் பளபளப்புப் பூச்சு உருகாமல், தொட்டால் மணலாக உறுத்தியது.

"நாலு பேரும் பாத்துட்டுதாங்க நிறுத்துனோம்" என்றார் மூத்தவர்.

"இன்னொரு தடவ இப்படி ஆனா பட்டறைய மூட வேண்டியதுதான்" என்றார் முதலாளி.

மூன்றாமவரிடம் மட்டும் மெதுவாகச் சொன்னேன். "கூம்பு நின்னுச்சுண்ணே. நான் பாத்தேன்."

"நானுந்தான் பாத்தேன். நீ சொல்லுவேன்னு இருந்தேன். நீயும் பூம்பூம் மாடாட்டம் ஆட்டிட்ட."

அறையில் தனியாகச் சோறு பொங்கும்போதெல்லாம் சொல்லாத அந்த ஒரு வார்த்தை வாய்க்குள்ளேயே கிடந்தது.

அடுத்த சூளையில் வேப்பமரத்தடிக்குப் போனதும் சொன்னேன். "இன்னும் ஆவலண்ணே."

"பாருய்யா, இவருக்கு வாய் வந்துடுச்சு" என்று இரண்டாமவர் சிரித்தார்.

மூத்தவர் எழுந்தார். "சரி, நீயே பாத்துக்க. நாங்க ஒரு டீ குடிச்சிட்டு வரோம்."

கண் எரிய எரிய ஓட்டையடியில் நின்றேன். கூம்பின் நுனி மெல்ல வளைந்து சாய்ந்தது. அங்கிருந்தே சத்தம் போட்டுக் கூப்பிடக் கூச்சமாக இருந்தது. டீக்கடை வரை வேகமாக நடந்துபோய்ச் சொன்னேன்.

"அப்ப மூடிடு" என்றார் மூத்தவர், கிளாஸைக் கீழே வைக்காமல். யாரும் எழவில்லை. திரும்பி வந்து சூளை எரியப் போகும் எண்ணெயை நானே நிறுத்தினேன்.

பொம்மைகள் பளபளவென்று வந்தன. முதலாளி பட்டறையை மூடவில்லை. அதற்குப் பிறகு அந்த மூவரும் ஓட்டைப் பக்கம் வருவதில்லை. "நீ பாத்தா போதும்" என்பார்கள்.

நான் பார்த்துவிட்டு, பழக்கம் விடாமல் வேப்பமரத்தடிக்குப் போய் ஒரு நிமிடம் நிற்பேன். அங்கே கேட்க ஆள் இருக்காது. பிறகு போய் நிறுத்துவேன்.