கவசவீரன் மாவாட்டிய கதை

ஒரு வீரன் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும்வரை யாரும் அவனைத் தொந்தரவு செய்வதில்லை. நாலைந்து வருடம் காப்பாற்றி, காப்பாற்ற உலகம் தீர்ந்துபோனதும்தான், 'அதுக்கு முன்னாடி என்னப்பா பண்ணிக்கிட்டு இருந்த?' என்று கேட்க ஆரம்பிக்கிறார்கள். இதற்கு முன்கதை என்று பெயர். ஐம்பதை நெருங்கும் வயதிலும் படக்கதைப் புத்தகங்களைச் செய்தித்தாளுக்குள் மறைத்துவைத்துப் படிக்கிறவன் என்ற தகுதியில் இதன் சட்டதிட்டங்களை நான் அறிவேன். நாலாம் பக்கத்துக்குள் வீரனின் அப்பா சாக வேண்டும். எட்டாம் பக்கத்தில் ஒரு விபத்து. மிச்சமுள்ள பக்கங்களில், யாருமே கேட்காத கேள்விகளுக்கு விரிவான பதில். பெல்ட்டை எங்கே வாங்கினான், முகமூடிக்கு யார் அளவெடுத்தது, இப்படி.

நமக்கு இது புதிதல்ல. சாமி மேல் ஒரு தழும்பு தென்பட்டால் அதற்கு ஒரு தலபுராணம் எழுதி முடிக்காமல் தூங்காத ஜனங்கள் நாம்.

ஆனால் ஒரு விஷயம் என்னை எப்போதும் உறுத்தும். இந்த வீரர்களில் பாதிப் பேர் தொழிற்கூட விபத்தில் பிறந்தவர்கள். ஒருவன் ரசாயனத்தில் விழுகிறான், ஒருவன் மேல் மின்சாரம் பாய்கிறது. எவனும் விபத்துப் படிவம் நிரப்பியதாக எந்தப் பக்கத்திலும் படம் இல்லை. அந்த ஊரில் விபத்து நடந்தால் சக்தி வருகிறது. காக்களூரில் கடிதம் வருகிறது.

நான் வேலை பார்ப்பது காக்களூர் தொழிற்பேட்டையில், வண்டிகளுக்கு வேண்டிய தகட்டுச் சாமான்களை அச்சில் அடித்துக் கொடுக்கும் ஒரு கம்பெனியில். ஆவணப் பிரிவு. பத்திரிகைகளில் எப்போதாவது நகைச்சுவைக் கட்டுரை வரும் என்பதால், 'சாருக்குத் தமிழ் வரும்' என்று ஒரு கெட்ட பெயர் எனக்கு உண்டு. சில வருடங்களுக்கு முன்னால் பாதுகாப்பு தினத்துக்கு வாசகம் கேட்டார்கள். வாசகத்தை யார் படிப்பார்கள், படக்கதை போடுங்கள் என்று வாய் தவறிச் சொன்னேன். அப்படிப் பிறந்தவன்தான் கவசவீரன். மஞ்சள் தலைக்கவசம், மஞ்சள் கையுறை. யாராவது இயந்திரத்துக்குள் கையை விடப்போகும்போது கூரையைப் பிய்த்துக்கொண்டு வந்து, 'நில்!' என்பான். அவனுடைய ஒரே சக்தி இந்த 'நில்'தான். தொழிலாளர்கள் அவனை மஞ்சத்தொப்பி மாமா என்றார்கள்.

படம் வரைந்தவர் மணவாள நகரில் பிளெக்ஸ் கடை நடத்தும் ஒரு பெண்மணி. காதணி விழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் ஒரே நாளில் பேனர் போட்டு, இரண்டையும் மாற்றிக் கொடுக்காத அளவுக்குத் திறமைசாலி. அவர் முதல் நாளே சொல்லிவிட்டார்.

"ஆளு வந்துரும் சார். கை மட்டும் வராது. நான் வெரலு போட்டா வாழத்தாரு மாதிரி பூடும்."

அதனால்தான் கையுறை. வருடாவருடம் வந்த புத்தகங்களில் கவசவீரன் ஒருமுறைகூட அதைக் கழற்றவில்லை.

இப்படி இருக்கையில், இந்த ஆண்டு பாதுகாப்பு தினத்துக்கு ஒரு மாதம் முன்னால் எங்கள் மனிதவள மேலாளர் கூப்பிட்டார். வீட்டில் பையனோடு உட்கார்ந்து வீரர் படங்களாகப் பார்த்திருக்கிறார் போல.

"சார், இப்ப எல்லா ஹீரோவுக்கும் பேக் ஸ்டோரி இருக்கு. நம்மாளுக்கு மட்டும் இல்லேன்னா கெத்தா இருக்காது. கஸ்டமர் டீம் வேற விசிட் வர்றாங்க. அந்த கிளவ்ஸை ஏன் கழட்டவே மாட்டேங்குறான்? அதை வெச்சு ஒண்ணு பண்ணுங்களேன்."

வரைகிறவருக்கு விரல் வராது என்பதுதான் உண்மையான முன்கதை. அதைப் பதினாறு பக்கத்துக்கு நீட்ட முடியாது. கேண்டீனில் யோசனை கேட்டேன். "காதலி மோதிரம் போட்டுட்டா சார், அத்த மறைக்கறான்" என்றான் ஒருவன். "சொறி சார்" என்றான் இன்னொருவன். "பேஜாரு பண்ணாதீங்க, அவனுக்கு இன்னும் பர்மனென்ட் ஆவல, வெத்துப் பேப்பர்ல கையெழுத்து வாங்கிருவாங்கன்னு பயம்" என்றான் மூன்றாமவன். இலக்கியம் அங்கே நன்றாகத்தான் வளர்ந்துகொண்டிருந்தது.

அன்று மாலை வாசலில் என்னை நிறுத்தியவர் கேட் அண்ணன்.

அவரைச் சொல்ல வேண்டுமானால் எங்கள் பலகையைச் சொல்ல வேண்டும். வாசலில் ஒரு பச்சைப் பலகை: 'விபத்தில்லா நாட்கள்'. கீழே கொக்கிகளில் எண் தகடுகள். தினமும் காலையில் ஒன்று கூட்டி மாட்ட வேண்டும். பூஜ்யத்துக்கு அது ஒருநாளும் திரும்பியதில்லை. ஆயிரத்தைத் தொட்ட அன்று நாலாவது கொக்கி பற்றவைத்து, மைசூர்பாகு கொடுத்தோம். அந்த எண்ணை ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது என் அன்றாடக் கடமை. நேற்றைய எண்ணோடு ஒன்று கூட்டினால் வருவதை எதற்கு நேரில் போய்ப் பார்த்து எழுத வேண்டும் என்று கேட்கக்கூடாது. ஆவணப் பிரிவு என்றால் அதுதான்.

தகடு மாட்டுகிறவர் கேட் அண்ணன். திருப்பாச்சூரிலிருந்து வண்டியில் வருவார். வலது கையில் மூன்று விரல்தான்.

அதற்கு முன்னால் அவர் பவர் பிரஸ் ஓட்டியவர். காலால் மிதித்தால் மேல் அச்சு இறங்கித் தகட்டை அடிக்கும். கை உள்ளே இருக்கும்போது இறங்காமலிருக்க ஒரு தடுப்பு உண்டு. அது இருந்தால் வேகம் குறைகிறது என்று கம்பியால் கட்டி ஒதுக்கி வைத்திருந்தார்கள். ஏழு வருடத்துக்கு முந்தைய ஒரு காலை ஷிப்டில் இரண்டு விரல் போயிற்று. அன்று சாயங்காலம் ஆஸ்பத்திரியில் வைத்து, வீட்டில் மாவு அரைக்கும்போது கிரைண்டரில் கை சிக்கியது என்று ஒரு கடிதம் வாங்கிக்கொண்டார்கள். பதிலுக்கு, வேலை போகாது, வாசலில் உட்காரலாம். இடது கையால் போட்ட அந்தக் கையெழுத்து, குழந்தை வரைந்த மழை மாதிரி இருக்கும்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், கடிதத்தை எழுதியவன் நான். சாருக்குத் தமிழ் வருமே. 'அரிசி மாவு' என்றுகூடக் குறிப்பிட்டிருந்தேன். நம்பகத்தன்மைக்காக. என் எழுத்து எதையும் ஒரு சொல்கூட மாற்றாமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு தடவைதான்.

நேரில் பார்த்தவர்கள் ஒப்பந்தம் முடிந்து ஒவ்வொருவராகப் போய்விட்டார்கள். புதிதாக வருகிறவர்களுக்குத் தெரிந்ததெல்லாம் கிரைண்டர்தான். "இன்னா நைனா, இன்னிக்கி இட்லி மெத்துன்னு வந்துச்சா?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போவார்கள். ஏழு வருடமாக. அவர் மனைவி காதுக்கும் போயிருக்கிறது. "இந்தாளு ஊட்ல ஒரு வெங்காயம் உரிச்சதில்ல, மாவு ஆட்டினாராமா" என்று அந்த அம்மா சொன்னதை அவரே சொல்லிச் சிரிப்பார். சிரிப்பு பாதியில் நின்றுவிடும்.

அன்று அவர் சிரிக்கவில்லை.

"மஞ்சத்தொப்பிக்கு பழய கத எழுதறியாமே. என் கதய எழுது சார்."

"அண்ணே, அது வந்து..."

"பேரு வாணாம், துட்டு வாணாம். அன்னிக்கி அந்தப் பலகைல முட்ட மாட்டியிருக்கணும். மாட்டல. நானே வந்து அட்த்த நம்பர மாட்னேன். ஒரே ஒரு நாளு முட்டயப் பாக்கணும் சார். ஊட்ல நடக்கல, இங்கதான் நடந்துச்சுன்னு நாலு பேருக்குத் தெரியணும். அத்தோட வுட்டுர்றேன். நீ எழுதனதுதான, நீயே திருத்து."

கடைசி வாக்கியத்தை அவர் கோபமாகச் சொல்லியிருந்தால் ஏதாவது சமாதானம் சொல்லித் தப்பித்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னார்.

எழுதினேன். எந்த அப்பாவையும் சாகடிக்கவில்லை. பிரஸ், கட்டி ஒதுக்கிய தடுப்பு, இரண்டு விரல், பலகையில் பூஜ்யம். இனி இன்னொருவன் கை போகக் கூடாது என்று மஞ்சள் கையுறை மாட்டிக்கொள்கிறான். பிளெக்ஸ் கடைக்காரம்மா படித்துவிட்டு, "இதுல கை போட்டே ஆவணுமே சார்" என்றார். கேட் அண்ணனை ஒரு ஞாயிற்றுக்கிழமை வரச்சொல்லி, மேஜைமேல் கையை வைக்கச்சொல்லி வரைந்தார். முடித்துவிட்டு அவரே ஆச்சரியப்பட்டார்.

"பாருங்களேன், இது வந்துருச்சு. நல்ல கைதான் எனக்கு வரல."

"என்னுது ஈசி கை தங்கச்சி" என்றார் கேட் அண்ணன்.

மேலாளர் படித்தார். ஆறாம் பக்கத்தில் நின்றார்.

"பிரஸ் நம்ம பிரஸ் மாதிரியே இருக்கே? போர்டு வேற ஜீரோ காட்டுது. கஸ்டமர் கேட்டா என்ன சொல்றது?"

"கற்பனைதான் சார்."

"கற்பனைன்னா வீட்ல நடக்கட்டுமே. கிரைண்டர்னு மாத்திருங்க. ஏற்கெனவே நம்மகிட்ட ஒரு டாக்குமென்ட் அப்படித்தானே இருக்கு. முன்னாடி எழுதினதுக்கு முரணா இருக்கக்கூடாது இல்லையா?"

முன்கதையின் முதல் விதியை அவ்வளவு சுத்தமாக எந்த விமரிசகரும் எனக்குச் சொன்னதில்லை. வசனத்தை மாற்றினேன். 'ஒரு நாள் காலை, வீட்டில் மாவு அரைத்துக்கொண்டிருந்தபோது...' கை தானாக எழுதியது. பழகிய கை.

கேட் அண்ணனிடம் சொன்னேன். "செரி" என்றார். அதற்குப் பிறகு ஒரு வாரம் என்னைப் பார்த்து வணக்கம் வைக்கவில்லை. என் வண்டிக்குக் கேட்டை மட்டும் திறந்துவிட்டார், அகலமாக.

படத்தை மாற்ற வேண்டிய பொறுப்பு கடைக்காரம்மாவுடையது. நாள் இல்லை. சுற்றிவரக் கொஞ்சம் வீடு மாதிரி பண்ணிவிடுகிறேன் என்றார். பண்ணினார். பவர் பிரஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கொடி கட்டி லுங்கி காயப்போட்டார். ஒரு குடம் வைத்தார். பலகை இருந்த இடத்தில் தினசரி காலண்டரை மாட்டினார். மேலாளர் வசனத்தை மட்டும் படித்துப்பார்த்து, "ம், இப்ப ஹோம்லியா இருக்கு" என்று கையெழுத்திட்டார். யாருடைய சமையலறையிலும் இல்லாத அளவுக்கு ஆளுயரத்தைத் தாண்டி ஒரு பச்சை இயந்திரம், கீழே மிதி, பின்னால் லுங்கி. அப்படியே அச்சாயிற்று.

பாதுகாப்பு தினத்தன்று, புத்தகம் கொடுக்க வேண்டுமே என்று முதல் ஷிப்டுக்கே வந்துவிட்டேன். வாசலில் வண்டியை நிறுத்தினால், பலகையில் மூன்று கொக்கிகள் காலி. கடைசிக் கொக்கியில் ஒற்றைப் பூஜ்யம். மற்ற தகடுகள் சுவரோரம் வரிசையாக, ஈரமாக, வெயிலில் சாய்ந்திருந்தன.

"அண்ணே, என்னண்ணே இது?"

"கஸ்டமரு வராங்கோ இல்ல. தகட்ட கழுவி காய வெச்சிகினு கீறேன். முட்ட சீக்கிரம் காஞ்சிருச்சு, மாட்டிட்டேன். பத்து மணிக்கு மத்தது மாட்டிருவேன். இன்னா அவசரம்?"

முதல் ஷிப்டு உள்ளே வந்துகொண்டிருந்தது. ஆளுக்கொரு புத்தகம், ஒரு லட்டு. இட்லி கேட்கிற பையன் ஆறாம் பக்கத்தைப் பார்த்துவிட்டுச் சத்தமாகச் சிரித்தான்.

"டேய், இன்னாடா இது, ஊட்டுக்குள்ள பவர் பிரஸ்ஸு!" பக்கத்தைக் கண்ணருகில் கொண்டுபோனான். "காலண்டர்ல பாரு, தேதி ஜீரோவாம்!"

அப்போதுதான் எனக்கே தெரிந்தது. கடைக்காரம்மா பலகையைத்தான் காலண்டராக்கியிருந்தார். பூஜ்யத்தை எடுக்கவில்லை.

பையன் நிமிர்ந்தான். எதிரே பலகை. புத்தகத்தைப் பார்த்தான், பலகையைப் பார்த்தான், கேட் அண்ணன் கையைப் பார்த்தான். லட்டு கையிலேயே இருந்தது.

"நைனா... பிரஸ்லயா?"

"பின்ன, ஊட்ல பவர் பிரஸ் வெச்சா இட்லி சுடறாங்கோ?"

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்க வேண்டிய இடத்தில் சிரிக்கவில்லையே என்று நகைச்சுவைக் கட்டுரையாளன் பதறவேண்டிய கூட்டம். பின்னால் வந்தவர்களுக்கு முன்னால் போனவர்கள் சொன்னார்கள். முடிந்த ஷிப்டும் வெளியே வந்து நின்று பார்த்துவிட்டுப் போயிற்று. பத்து மணிக்கு மேலாளர் விருந்தினர்களுடன் வந்தபோது நாலு கொக்கியிலும் தகடு மின்னியது. 'வெரி இம்ப்ரஸிவ்' என்றார்கள். அன்று உண்மையிலேயே சுத்தமாக இருந்தது.

அதற்கு முன்னால், பலகையில் பூஜ்யம் இருந்தபோதே, பதிவேட்டைக் கொண்டுபோய் வாசல் மேஜையில் விரித்தேன். அன்றைய தேதிக்கு நேரே, நான் வழக்கமாகப் பார்க்காமலே எழுதுகிற கட்டத்தில், பலகையைப் பார்த்து எழுதினேன்: 0.

பென்சிலில்.

கேட் அண்ணன் எட்டிப் பார்த்தார்.

"இன்னா சார், பென்சிலு? பேனா இன்னாச்சு, மாவாட்டிகினு இருந்தப்ப கிரைண்டர்ல உழுந்துருச்சா?"

சட்டைப் பையிலிருந்து தன் பேனாவை எடுத்து மூன்று விரலில் நீட்டினார். வாங்கி, பூஜ்யத்தின் மேலேயே இன்னொரு பூஜ்யம் அழுத்திப் போட்டு, பக்கத்தில் கையெழுத்தும் போட்டேன். பதிவேட்டை என் பக்கம் இழுத்தேன். அவர் விடவில்லை. அது பால்பாயின்ட் பேனா, காய்வதற்கு ஒன்றுமில்லை. ஆனாலும் குனிந்து அந்த இடத்தை இரண்டு முறை ஊதினார்.