மதிலுக்குக் கீழே கொட்டிய சோறு

எங்கள் சபையில் பாவ அறிக்கையை எல்லோரும் சேர்ந்து ஒரே குரலில், நல்ல இழுவையாகச் சொல்வோம். ஞாயிறுதோறும் சொல்லி நாக்குக்குப் பழகிப்போன சங்கதி. வாய் அதைச் சொல்லிக்கொண்டிருக்க, மனசு அடுப்பில் வைத்துவந்த குழம்பை நினைத்துக்கொண்டிருக்கலாம். நான் நினைத்திருக்கிறேன்.

அரவேணுவுக்குப் பக்கத்தில், தேயிலைச் சரிவுக்கு மேலே இருக்கிறது எங்கள் ஆலயம். நான் அருகிலுள்ள பள்ளியில் டீச்சர். அறுப்பின் பண்டிகை விருந்துக்குச் சமையல் பொறுப்பும் என் தலையில்தான். போன வருடப் பண்டிகையன்று விடாத மழை. பாதிப் பேர் வரவில்லை. சோறும் கறிக்குழம்பும் கேசரியும் அண்டா அண்டாவாக மிஞ்சின. தோட்டத் தொழிலாளர்களின் லயன் வீடுகளுக்குக் கொடுத்தது போக மீதியெல்லாம் மறுநாள் ஊசிப்போனது. குப்பை வண்டியும் வரவில்லை. "இத எங்கீங்க டீச்சர் கொட்டறது?" என்று பாத்திரம் கழுவ வந்தவர்கள் கேட்டார்கள். எனக்கு இடுப்பு வலி, எரிச்சல் வேறு. "மதிலுக்குக் கீழ தள்ளுங்க, மழ அடிச்சிட்டுப் போயிரும்" என்றேன்.

கரடி வரும் ஊர் இது. மிச்சச் சோற்றை வெளியே கொட்டாதீர்கள், குழி வெட்டிப் புதையுங்கள் என்று வனத்துறைக்காரர்கள் மைக் வைத்துச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்கள். அதை நான் வகுப்பில் பிள்ளைகளுக்குச் சொல்லியும் கொடுத்திருந்தேன்.

மதிலுக்குக் கீழேதான் கொழுந்து பறிக்கப் போகிறவர்களின் குறுக்குப் பாதை. அந்த வாரமே ஒரு பனிக் காலையில், அந்தப் பாதையில் போன பெண்ணைக் கரடி அடித்துப் போட்டுவிட்டது. லயனில் குடியிருப்பவள். வழியில் பார்த்தால் சிரிக்காமல் என்னைக் கடந்துபோக மாட்டாள். ஒரு கண் போய்விட்டது. தாடை கிழிந்து பேச்சும் நின்றுபோனது.

வனத்துறையினர் வந்து பார்த்தபோது, கொட்டிய சோற்றைக் கரடி வழித்துத் தின்றிருந்தது. அது எங்கள் விருந்துச் சோறு என்று காட்ட ஒன்றும் மிச்சமில்லை. இங்கே யார் சோறு போட்டது என்று கேட்டார்கள். "கீழ மாரியம்மன் கோவில்ல அன்னதானம் நடந்துச்சுங்களே" என்றார் எங்கள் சபைக் கமிட்டிக்காரர் ஒருவர். அது பொய்யில்லை, அதே வாரம் நடந்ததுதான். பக்கத்தில் நின்ற நான் தலையை ஆட்டினேன்.

கோவிலில் அதன்பிறகு அன்னதானத்தை நிறுத்திவைத்தார்கள். டீக்கடையில் சிலர் வனத்துறையைத் திட்டினார்கள். சிலர், விடியும் முன்னே அவளை யார் தனியாகப் போகச் சொன்னது என்றார்கள். சபையில் நாங்கள் அவளுக்காக ஜெபித்தோம். ஜெபத்தை ஏறெடுத்தது நான்தான். நன்றாகவே ஜெபித்தேன், இரண்டு பேர் அழுதார்கள்.

பிறகு ரொட்டியும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர் ஆஸ்பத்திரிக்குப் பார்க்கப் போனேன். கட்டிலில் முகம் முழுக்கக் கட்டுடன் அவள். பக்கத்தில் கட்டிக்கொடுத்த மகள். புருஷன் மட்டும் வெளியே வராந்தாத் தரையில் உட்கார்ந்திருந்தார். அவர் தோட்டத்தில் மருந்தடிக்கிறவர். கோவில் அன்னதானத்துக்குச் சமைத்தவரும் அவர்தான்.

"மிச்சத்தக் குழி வெட்டித்தானுங்க டீச்சர் பொதச்சேன், பாரஸ்ட்காரங்க சொன்னபடியே. ஆழம் பத்தல போலிருக்குது. இன்னுங் கொஞ்சம் வெட்டியிருக்கோணும். மழைன்னு சோம்பல்பட்டுட்டேன். நானே அவ மொகத்தக் கெடுத்துப்போட்டேன்."

பிறகு உள்ளே பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார். "புள்ள எங்கூடப் பேசறதில்லீங்க. அம்மாவ இப்பிடி ஆக்குனது நீதான்னு சொல்லிட்டா."

"அப்படியெல்லாம் நெனச்சு மனசப் போட்டுக் கொழப்பிக்காதீங்க. கர்த்தர் பாத்துக்குவார்" என்றேன் நான். சொன்னபோது எனக்கு வெட்கமே வரவில்லை. இன்றைக்கும் என்னை அருவருக்க வைப்பது அதுதான். மேட்டுப்பாளையம் தாண்டி பஸ் மலையேறத் தொடங்கிய பிறகுதான் வெட்கம் வந்தது. ஜன்னல் கம்பியில் நெற்றியை வைத்துக்கொண்டு வந்தேன்.

ஞாயிறு பள்ளியில் ஆதாம் கதையை எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். ஆதாம் ஏவாளைக் கைகாட்டுவான், ஏவாள் பாம்பைக் கைகாட்டுவாள். அந்த இடத்தில் பிள்ளைகள் சிரிக்கும், நானும் சிரிப்பேன். நான் கைகாட்டியது பாம்பைக்கூட அல்ல. குழி வெட்டி, மண் போட்டு மூடிவிட்டு, அது பத்தவில்லை என்று அழுகிற மனிதரை. செய்யாத தப்பை அவர் தன்மேல் போட்டுக்கொண்டிருந்தார். செய்த நான் ஜெபக்குழுவை நடத்திக்கொண்டிருந்தேன்.

போதகரிடம் போய்ச் சொன்னேன். "இப்பச் சொல்லி என்னம்மா ஆகப்போகுது? சபைக்கும் கோவிலுக்கும் சண்டதான் வரும். ஆண்டவர்கிட்ட அறிக்கை பண்ணிட்டீங்க, அவர் மன்னிச்சிட்டார்" என்றார். காதுக்கு இதமாக இருந்தது. அந்த இதம்தான் என்னைப் பயமுறுத்தியது. ஆண்டவரிடம் மன்னிப்பை வாங்கி நான் வைத்துக்கொள்வது, பழியை அந்த மனிதரிடமே விட்டுவைப்பது. அப்படி ஒரு ஏற்பாட்டுக்காகக் கிறிஸ்து சிலுவை சுமந்ததாக எனக்குத் தெரியவில்லை. போதகர்மேல் கோபப்படவும் வழியில்லை. அவர் சொன்னது, நான் எதிர்பார்த்துப் போன பதில்தான்.

மறுநாள் லீவு போட்டேன். முதலில் வனத்துறை அலுவலகத்தில் நடந்ததைச் சொன்னேன். அங்கிருந்து மறுபடியும் கோயம்புத்தூர். கை வீசிக்கொண்டு போகக் கூச்சப்பட்டு, பழக்கதோஷத்தில் ரொட்டி வாங்கினேன்.

வராந்தாவில் அவருக்கு எதிரே தரையில் உட்கார்ந்து சொன்னேன். மதிலுக்குக் கீழே கொட்டச் சொன்னது நான் என்றேன். கரடி வந்தது அந்தச் சோற்றுக்குத்தான், உங்கள் குழிக்கு அல்ல என்றேன்.

"ஏனுங்க டீச்சர், போன தடவையும் வந்தீங்களே" என்றார்.

பிறகு வார்டுக் கதவுப்பக்கம் தலையைத் திருப்பினார்.

"எங்கிட்டச் சொல்லி என்னாகுதுங்க? உள்ள புள்ள இருக்கறா. அவகிட்டச் சொல்லுங்க."

மகள் அம்மாவுக்குக் குழாய் வழியாகக் கஞ்சி விட்டுக்கொண்டிருந்தாள். கட்டில் கால்மாட்டில் நின்றுகொண்டு முதலிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். கட்டுக்கு வெளியே இருந்த ஒற்றைக் கண் என்னைப் பார்த்தது. முடியும்வரை அது இமைக்கவில்லை. மகள் கஞ்சியை விட்டு முடித்து, டம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு வராந்தாவுக்குப் போனாள். "அப்பா, வா, வந்து சாப்புடு" என்று அவள் கூப்பிடுவது கேட்டது. அடுத்து அவர் வாய்விட்டு அழுவதும் கேட்டது.

என்னை மன்னித்துவிடுங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். கேட்கவில்லை. கேட்டால் அதற்கும் அவர்கள்தானே பதில் சொல்ல வேண்டும், அந்தப் பாரத்தையும் அவர்கள்மேல் ஏற்ற மனம் வரவில்லை.

மகள் திரும்பி வந்தாள். நான் கட்டிலோரம் வைத்திருந்த பையை எடுத்து என் கையில் கொடுத்தாள்.

"இந்த ரொட்டிய எடுத்துட்டுப் போங்க டீச்சர்."

எடுத்துக்கொண்டு வந்தேன்.