இலத்திரன் கைமாறிய கதை

என் தம்பியைக் கொழும்பில் பிடித்துக்கொண்டு போன செய்தி வந்தபோது, நான் வெளிநாட்டு ஆய்வுகூடம் ஒன்றில் கணினித் திரையில் தெரிந்த இரண்டு வெள்ளைப் புள்ளிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். புள்ளி ஒவ்வொன்றும் ஓர் அயன். இலத்திரன் ஒன்றை இழந்த அணு. மின்புலத்தால் அதைப் பிடித்து வைத்திருந்தோம். அதே இடத்தில் லேசர் ஒளியாலும் காந்தத்தாலும் ருபீடியம் அணுக்களையும் பிடித்து, இதற்குமேல் குளிராது என்னும் அளவுக்குக் குளிர வைத்து, இரண்டையும் சந்திக்க விட்டோம். சந்தித்த சிறிது நேரத்தில் ஒரு புள்ளி மறைந்துவிடும். அது எங்கே போகிறது என்பதுதான் என் ஆராய்ச்சி.

போர் உச்சத்தில் இருந்த காலம் அது. ஸ்பிரிங்வெளி தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்தவர்கள் நாங்கள் இருவரும். அம்மா கொழுந்து பறித்தார், அப்பா தொழிற்சாலையில் வேலை பார்த்தார். நான் பதுளையில் படித்து, கம்பஸ் போய், புலமைப்பரிசில் கிடைத்து வெளிநாடு சென்றேன். தம்பி உயர்தரத்தோடு நிறுத்திக்கொண்டு கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கி, ஒரு புடவைக்கடையில் சேர்ந்தான். ஞாயிற்றுக்கிழமைகளில் போனில் பேசுவோம். வீட்டில் என் வேலையைப் பற்றி விடாமல் விசாரித்தவன் அவன் ஒருவன்தான்.

“லொட்ஜ்ல இருந்த தமிழ்ப் பசங்க எல்லாத்தையும் ஏத்திட்டுப் போயிட்டாங்கம்மா,” என்றார் அப்பா போனில். “அடையாள அட்டையில வடக்கு இல்ல, பதுளைன்னு இருக்குன்னு காட்டியிருக்கான். கேக்கலையாம்.”

நான் வர வேண்டாம் என்று அவர் பலமுறை சொன்னார். வந்தால் என்னையும் நிறுத்திக் கேட்பார்கள் என்று பயந்தார். என் பேராசிரியர் தயங்காமல் லீவு தந்தார். நான் புறப்பட்டேன்.

தடுத்து வைத்திருந்த இடத்தில் அவனைப் பார்க்க அம்மாவையும் என்னையும் வரச் சொன்னார்கள். வாசலில் ஒருவருக்கு மட்டும்தான் அனுமதி என்றார்கள். அம்மா என்னை உள்ளே போகச் சொன்னார். அவர் ஏற்கெனவே ஒருமுறை பார்த்து, ஒரு வார்த்தையும் பேச முடியாமல் அழுதுவிட்டுத் திரும்பியிருந்தார்.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் தம்பி நின்றான். மெலிந்திருந்தான். பக்கத்தில் காவலர் ஒருவர் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார். அடித்தார்களா என்று கேட்க முடியாது. எப்போது விடுவார்கள் என்று கேட்டும் பயனில்லை. அவன்தான் தொடங்கினான்.

“ஒன் வேல எப்புடிக்கா போகுது? அந்தப் புள்ளி எங்க போகுதுன்னு கண்டுபுடிச்சிட்டியா?”

எனக்கு உயிர் வந்தது போலிருந்தது. அவனுக்குக் காட்டவென்று எடுத்து வந்திருந்த படத்தைக் கைப்பையிலிருந்து எடுத்து வலையோடு சேர்த்துப் பிடித்தேன். கறுப்பில் இரண்டு வெள்ளைப் புள்ளிகள். அதே தாளில் அடுத்த படத்தில் ஒன்றுதான். பொறியில் பிடித்து வைத்திருக்கிறோம், லேசர் அடிக்கிறோம், ஒன்று இன்னொன்றைத் தொட்டதும் அதனிடமிருந்து இலத்திரனைப் பறித்துக்கொள்கிறது என்று நினைக்கிறோம் என்று வேகமாகச் சொல்லிக்கொண்டே போனேன். காவலர் எழுந்து வந்தது தெரியவில்லை. அவருக்குத் தமிழ் கொஞ்சம் விளங்கும் போலும். பொறி, லேசர், பிடிப்பது, பறிப்பது. படத்தை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தம்பியை உள்ளே அனுப்பிவிட்டார்.

பிறகு ஓர் அறையில் ஓர் அதிகாரிக்கு எனக்குத் தெரிந்த சிங்களத்தில் எல்லாவற்றையும் திரும்பச் சொன்னேன். புள்ளிகள் எந்த ஊர் என்று கேட்டார். ஊர் இல்லை, கண்ணுக்குத் தெரியாத அணு என்றேன். இதனால் என்ன பிரயோசனம் என்றார். தெரிந்துகொள்ளத்தான் என்றேன். லயத்தில் பிறந்தவள் இதற்காகவா வெளிநாடு போனாள் என்று பக்கத்தில் இருந்தவரிடம் கேட்டார். அந்தக் கேள்வியை அவர் என்னிடம் கேட்கவே இல்லை. பின்னேரம் என்னை விட்டார்கள். படத்தைத் தரவில்லை.

அம்மா வீதிக்கு எதிர்ப்பக்கம், நிழல் இல்லாத மதிலோரம் நின்றிருந்தார். காலையிலிருந்து உட்காரவே இல்லையாம்.

“ரெண்டு பேத்தையும் வச்சுக்கிட்டாங்கன்னு நெனச்சேன் புள்ள,” என்றார். என் முந்தானையைப் பிடித்தபடியே பஸ் ஏறினார்.

அதற்குப் பிறகு என் லீவு முடியும்வரை யாருக்கும் அவனைப் பார்க்க அனுமதி கிடைக்கவில்லை. நான் திரும்பிப் போனேன்.

சில மாதங்களில் விடை கிடைத்தது. இலத்திரனைப் பெற்ற அயன் சாதாரண அணுவாகிவிடுகிறது. மின்புலத்துக்கு அதன்மேல் பிடி இல்லை, போய்விடுகிறது. கொடுத்த ருபீடியம் அணு அயனாகி அதன் இடத்தில் சிக்கிக்கொள்கிறது. ஆனால் எங்கள் லேசருக்கு அது ஒளிராது. மிஞ்சிய புள்ளி நடுவுக்கு வராமல் ஒதுங்கியே நின்றதை வைத்துத்தான், பக்கத்தில் வேறொன்று இருக்கிறது என்று கண்டோம். பேராசிரியர் எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். எல்லோரும் சிரித்த முகமாக இருந்தார்கள். நான் கழிவறைக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன்.

தம்பியைக் காரணம் எதுவும் சொல்லாமல் பிடித்தவர்கள், காரணம் எதுவும் சொல்லாமலே விட்டார்கள். மறு வருடம் நான் ஊருக்கு வந்தபோது தெமோதரை ஸ்டேஷனுக்கு அவன்தான் வந்திருந்தான். என் பையை வாங்கிக்கொண்டான். ரோட்டில் நடக்கும்போது, அன்றைக்கு நீ பாதியில் விட்டதைச் சொல் என்றான். சொன்னேன். முழுவதையும் கேட்டான்.

“அப்ப குடுத்தது மாட்டிக்கிருச்சு,” என்றான்.

“ஆமாடா.”

“அத எப்புடி வெளிய எடுப்பீங்க?”

மின்புலத்தை ஒரு நொடி நிறுத்துவோம், எல்லாம் போய்விடும், பிறகு புதிதாகப் பிடிப்போம் என்றேன். அவன் தலையை ஆட்டினான்.

கொழும்புக்கு அவன் திரும்பப் போகவே இல்லை. பசறையில் ஒரு ஹாட்வெயார் கடையில் வேலைக்குச் சேர்ந்தான். பஸ்ஸில் யாராவது அட்டை கேட்டால், பக்கத்து ஆளிடம் கேட்டாலும், அவன் கை சட்டைப்பைக்குப் போய்விடும். உள்ளே இருந்த மாதங்களைப் பற்றி என்னிடம் இன்றுவரை அவன் பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் இப்போது நான்தான் பேசுகிறேன். அவன் கேட்டுக்கொண்டிருக்கிறான், அல்லது போனை மேசைமேல் வைத்துவிட்டு அம்மாவைக் கூப்பிடுகிறான்.