ஜெபத்தில் விடுபட்ட பெயர்

இது நடந்தது. அனுபவித்தவரே என்னிடம் சொன்னார். அவருக்குப் பொய் சொல்ல வராது. வந்திருந்தால், "பூசைக்கு வர்றீங்களா மாப்பிள்ளை?" என்று மாமியார் கேட்ட ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், "தூக்கம் வருது அத்தை" என்று உண்மையைச் சொல்லித் திட்டு வாங்கியிருக்க மாட்டார்.

தொழில் மைக்செட் வாடகைக்கு விடுவது. தெருவில் அவருக்குப் பெயரே மைக்செட்தான். சாமி நம்பிக்கை கிடையாது, பேய் நம்பிக்கையும் கிடையாது. காதில் விழுவதை மட்டும் நம்புகிறவர்.

மாமியார் நேர் எதிர். விடிவதற்கு முன்பே எழுந்து சர்ச்சில் முதல் பூசைக்கு நடந்து போய்விடுவார். மழை, காய்ச்சல், முழங்கால் வலி, எதற்கும் நின்றதில்லை. பீடத் துணிகளை வீட்டுக்குக் கொண்டுவந்து, தன் கையாலேயே துவைத்துக் கஞ்சி போட்டுத் தேய்ப்பார். வேறு யாரும் தொட முடியாது. தையல் மெஷினை மிதித்தே மூன்று பிள்ளைகளை ஆளாக்கியவர். கடைசி மகள்தான் மைக்செட்டின் மனைவி. அவர்களோடுதான் கடைசிவரை இருந்தார். அவர்களுடைய ஆறு வயது மகளுக்கு 'சிட்டு' என்று செல்லப்பெயர் வைத்ததும் அவர்தான். அந்தப் பெயரைச் சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும்.

தினமும் சாயங்காலம் தன் அறையில் மண்டியிட்டு ஜெபம் சொல்வார். சத்தமாகத்தான். சுவருக்கு இந்தப் பக்கம் வயர் சுற்றிக்கொண்டிருக்கும் மருமகனுக்கு வேறு வழியில்லை, எல்லாம் காதில் விழும். முதலில் பெரியவன், அவன் பெண்டாட்டி, பிள்ளைகள். பிறகு நடுப்பையன் குடும்பம். அப்புறம் மகள். அப்புறம், "மாப்பிள்ளைக்காக, ஆண்டவரே... அவருக்கு நீர்தான் புத்தியைக் கொடுக்கணும்." இது தனக்குக் கேட்கட்டும் என்றே சொல்வது என மருமகனுக்கு நன்றாகத் தெரியும். கடைசியாகச் சிட்டு. அதன் பிறகு இறந்து போனவர்கள். அவர்கள் பெயரை மட்டும் முணுமுணுப்பார். ஒன்றும் புரியாது.

ஒரு நாள் மாமியார் தூக்கத்திலேயே போய்விட்டார். முப்பதாம் நாள் சாயங்காலம் நினைவுப் பூசை. "வாழ்க்கையில ஒரு தடவையாவது அம்மாவுக்காக வாங்களேன்" என்று மனைவி சொன்னதால், நல்ல மைக்காகப் பார்த்து எடுத்துக்கொண்டு மைக்செட் அன்று மத்தியானமே சர்ச்சுக்குப் போனார். வீட்டிலிருந்து மூன்று தெரு தள்ளி. மனைவி வீட்டில் துணி தேய்த்துக்கொண்டிருந்தாள். சிட்டு தூங்கிக்கொண்டிருந்தாள்.

சர்ச்சில் யாரும் இல்லை. வெளியே கொளுத்துகிற வெயில். உள்ளே கல் தரை ஜில்லென்று இருந்தது. வாசக மேடையில் மைக்கைப் பொருத்திவிட்டு, கதவோரம் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரை வைத்து ஹெட்ஃபோனை மாட்டினார்.

இரைச்சல் இல்லை. சுத்தமாக இருந்தது.

அப்போது...

சர்... சர்...

கஞ்சி போட்ட புடவை உரசுகிற சத்தம்.

நிமிர்ந்து பார்த்தார். மேடை காலியாக இருந்தது. பெஞ்சுகள் காலியாக இருந்தன. வயர் எதிலோ உரசுகிறது போல என்று போய்ப் பார்த்தார். வயர் அசையாமல் கிடந்தது. திரும்பி வந்து மறுபடி மாட்டினார்.

இப்போது மணிகள் ஒன்றோடொன்று தட்டும் சத்தம். ஜெபமாலை. பிறகு ஒரு மூச்சு. இழுக்கும்போது லேசாக விசிலடிக்கிற மூச்சு... அந்த மூச்சை அவர் ஒன்பது வருஷமாகச் சுவர் வழியாகக் கேட்டவர்.

"பெரியவனுக்காக, ஆண்டவரே... அவன் பெண்டாட்டிக்காக..."

யாரோ எப்போதோ பதிவு செய்தது ஓடுகிறது என்று மனத்துக்குச் சொல்லிக்கொண்டார். எதில் ஓடும்? மிக்ஸரில் அந்த ஒரு மைக்கைத் தவிர எதுவுமே சொருகியிருக்கவில்லை.

நடுப்பையன் வந்தான். மகள் வந்தாள்.

"மாப்பிள்ளைக்காக..."

அடுத்து சிட்டுவின் பெயர் வர வேண்டும். வரவில்லை.

குரல் நின்றது. மூச்சு மட்டும் வந்துபோனது. பிறகு குரல் தாழ்ந்தது.

"எங்களை விட்டுப் போனவங்களுக்காக. எங்க அப்பாவுக்காக. எங்க அம்மாவுக்காக. எங்க வீட்டுக்காரருக்காக..."

மூச்சு.

"சிட்டுக்காக."

ஹெட்ஃபோனைப் பிடுங்கி எறிந்தார். சர்ச் அமைதியாக இருந்தது. கீழே கிடந்த ஹெட்ஃபோனில் மட்டும் என்னவோ கேட்டது. குனிந்தார்.

டொக்... டொக்... டொக்...

மரப்பலகை. உள்ளே இருந்து தட்டுகிற மாதிரி.

வாசலைத் தாண்டி ஓடிக்கொண்டே போன் போட்டார்.

"சிட்டு எங்க?"

"தூங்குறா. என்னங்க, மூச்சு வாங்குது?"

"போய்ப் பாரு."

"இப்பத்தான் பாத்தேன்..."

"போய்ப் பாருடி!"

செருப்பு சத்தம். கதவு. பிறகு ஒன்றுமில்லை.

"என்னங்க... இங்கதான் படுத்திருந்தா..."

"பாத்ரூம்?"

"இல்ல."

"வெளிய போயிருப்பாளா?"

"தாழ்ப்பாள் போட்டபடியே இருக்கு. சிட்டு! ஏ சிட்டு!"

மூன்று தெருவை எப்படிக் கடந்தார் என்று அவருக்கு நினைவில்லை. வீட்டுக்குள் நுழைந்ததுமே காதில் விழுந்தது. மனைவிக்குக் கேட்கவில்லை. அவருக்குக் கேட்டது.

டொக்...

மாமியாரின் அறை. அங்கே ஒரு பெட்டிக் கட்டில் உண்டு. மெத்தையை எடுத்து அடியிலுள்ள பலகையைத் தூக்கினால் உள்ளே கம்பளி, போர்வை வைக்கும் இடம். மெத்தை ஒழுங்காக விரித்திருந்தது. விரிப்பில் ஒரு சுருக்கம் இல்லை.

மெத்தையை இழுத்துத் தள்ளினார். பலகையைத் தூக்கப் பார்த்தார்.

வரவில்லை.

பூட்டு கிடையாது. கொக்கி கிடையாது. இரண்டு கையாலும் இழுத்தார். மனைவியும் பிடித்தாள். மேலே யாரோ உட்கார்ந்திருப்பது போலக் கனத்தது.

உள்ளே தட்டுவது நின்றுவிட்டது.

"அத்தை!" என்று கத்தினார். வேறு யாரைக் கூப்பிடுவது என்று அவருக்குத் தெரியவில்லை.

பலகை அட்டை மாதிரி எழும்பியது.

சிட்டு உள்ளே கிடந்தாள். உதடு நீலம் பாய்ந்திருந்தது. தலைமுடி வியர்வையில் ஒட்டியிருந்தது. கண் திறந்திருந்தது.

ஒரு நொடி. இன்னொரு நொடி.

இருமினாள்.

அவர் அவளை மார்போடு அள்ளிக்கொண்டு தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். மனைவிக்கு அழுகைகூட வரவில்லை. ரொம்ப நேரம் கழித்துத்தான் மகளிடம் கேட்டார்.

"எப்படிம்மா உள்ள போன? உன்னால அதைத் தூக்க முடியாதே."

"அந்தக்கா திறந்து விட்டா."

"எந்தக்கா?"

"அம்மா கோயிலுக்குப் போயிருக்காங்க, வர்றதுக்குள்ள ஒளிஞ்சுக்கலாம் வான்னா. எங்கம்மா வீட்லதானே இருக்காங்கன்னு சொன்னேன்." சிட்டு கண்ணைக் கசக்கினாள். "உங்கம்மா இல்ல, எங்கம்மான்னு சொன்னா."

டாக்டர் பார்த்துவிட்டு, பயப்பட ஒன்றுமில்லை என்றார். அந்த வீட்டில் தனியாக உட்கார்ந்திருக்க முடியாமல் மூன்று பேரும் பூசைக்கே போனார்கள். "ஒரு நாள்கூடப் பூசையைத் தவறவிடாத தாய்" என்று பிரசங்கத்தில் ஃபாதர் சொன்னார். எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். மைக் ஒரு தொந்தரவும் இல்லாமல் வேலை செய்தது.

பூசை முடிந்ததும் மாமியாரின் தங்கை பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கன்னியாஸ்திரி. வீட்டில் எல்லோருக்கும் அவர் சிஸ்டர் சித்தி. "முகம் ஏன் இப்படி இருக்கு?" என்று கேட்டார். தோளில் மகள் தூங்கிக்கொண்டிருக்க, மைக்செட் தாழ்ந்த குரலில் எல்லாவற்றையும் சொன்னார். சித்தி இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்.

"அக்கா உங்க யார்கிட்டயும் சொன்னதில்ல. பசங்களுக்கே தெரியாது. பெரியவனுக்கு முன்னால ஒரு பொண்ணு இருந்தா. ஆறு வயசு. அவளைத்தான் சிட்டுன்னு கூப்பிடுவோம்."

அவர் தோளில் கிடந்த மகளை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"அக்கா காலைப் பூசைக்குப் போயிருந்தா. திரும்பி வந்தா பிள்ளையைக் காணோம். தெருவெல்லாம் தேடிட்டோம். கடைசில வீட்லயே, பெரிய மரப்பெட்டிக்குள்ள... மூடியைத் திறக்க ரெண்டு ஆம்பளைங்க வேண்டியிருந்துச்சு. பூட்டே இல்லாத பெட்டி."

"அப்புறமும் எப்படி அத்தை தினமும் சர்ச்சுக்கு..."

"நானும் கேட்டேன். வீட்ல இருந்தா அவளைத் தேடிக்கிட்டே இருப்பேன்டி, இங்க வந்தா அவளை ஒருத்தர்கிட்ட ஒப்படைச்ச மாதிரி இருக்குன்னா. அந்தப் பெட்டியை அன்னைக்கே உடைச்சு எரிச்சுட்டோம். ஊரையே விட்டு வந்துட்டோம்."

ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறிக்கொண்டிருந்தார்கள். உதவியாள் மெழுகுவத்திகளை அணைத்துக்கொண்டு வந்தான். சித்தி தூங்குகிற பிள்ளையின் முதுகில் கையை வைத்தார். எடுக்கவில்லை.

"அதுக்கு ஒரு வாரம் முன்னாலேருந்து அந்தப் பிள்ளையும் இதையேதான் சொல்லிக்கிட்டு இருந்தா, மாப்பிள்ளை. வீட்டுக்குள்ள ஒரு அக்கா வர்றா, ஒளிஞ்சு விளையாடக் கூப்பிடறான்னு. அவதானே வீட்ல மூத்தவ, அவளுக்கு ஏது அக்கான்னு நாங்க எல்லாரும் சிரிச்சோம்."