கிளட்ச் அக்கா பால் கொடுக்கிறாள்

முழங்கைவரை சோப்பு நுரையோடு நிற்கிறாள் கிளட்ச் அக்கா. "கட்டைவிரலைத் தேய்ச்சியா? நகக்கண்ணு?" என்று தன்னையே அதட்டிக்கொள்கிறாள். பெண்களுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது அவள் தொழில். நிறைமாதம்வரை முன்சீட்டில் உட்கார்ந்து, "கிளட்ச்சை மெதுவா விடும்மா, மெதுவா, மெதுவா" என்று கத்தியதில் கிடைத்த பட்டம் அது.

இப்போது ஊரெல்லாம் இருமல் காய்ச்சல், அவளையும் விடவில்லை. கைக்குழந்தை வேறு. போனில் கேட்டபோது நர்ஸ் சொன்னார்: "பால் வழியா இது ஒட்டாதும்மா. மூச்சும் இருமலும் கையும்தான் வினை. மாஸ்க் போடு, கையைக் கழுவு, ஜன்னலைத் திறந்துவை, தாராளமாக் கொடு. குடிச்சதும் நல்லா இருக்கறவங்க கையில குடுத்துடு." அந்த நல்லா இருக்கிறவள் நாத்தனார். குழந்தையைத் தூக்கிவருவதும் வாங்கிப்போவதும் அவள்தான்.

எதையும் அளவோடு செய்து பழக்கமில்லாதவள் நம் அக்கா. மாஸ்க் போட்டதோடு நிற்காமல் வாயையும் பூட்டிக்கொண்டாள். பேசினால் எச்சில் தெறிக்குமாம்! கண் மட்டும் தெரிகிற ஊமை உருவத்தைக் கண்டு குழந்தை வீறிட்டது. மாரில் வாய் வைக்கவே மாட்டேனென்றது. பகல் முழுக்க இதே கூத்து. பால் கட்டி மார் கல்லானது. பீய்ச்சிக் கரண்டியில் ஊட்டியதில் பாதி கழுத்தில் வழிந்தது. "இப்படியே போனா பால் வத்திடும்டி" என்று அக்கா அழுதேவிட்டாள். சாலையில் லாரிக்காரனையே ஒதுங்கவைக்கிற பெண், பாவம்.

நாத்தனார்தான் சொன்னாள்: "அண்ணி, நீங்க இப்படி உம்முனு உட்கார்ந்தா எனக்கே பயமா இருக்கு. வண்டியில கத்துவீங்களே, அதைக் கத்துங்க. வயித்துக்குள்ள இவ கேட்டது அதைத்தானே?"

அக்கா மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு தொண்டையைச் செருமினாள். "மெதுவா... மெதுவா விடும்மா... பதறாதே... அப்படித்தான்..." அழுகை பாதியில் நின்றது. குழந்தை அந்தக் கண்களை உற்றுப் பார்த்தது. பிறகு கப்பென்று வாய் வைத்துக்கொண்டது.

"நீ மவராசியா இருக்கணும்டி" என்றாள் அக்கா. அன்றிலிருந்து ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது அதைச் சொல்கிறாள். "போதும் அண்ணி, என்னமோ நான்தான் பால் கொடுத்த மாதிரி!" என்று நாத்தனார் சிரிக்கிறாள்.

இன்றும் குடித்து முடித்த மகளை முத்தமிடக் குனிகிறாள் அக்கா. பாதியில் நிறுத்திப் பெருமூச்சு விட்டு, நாத்தனார் நீட்டிய கைகளில் கொடுக்கிறாள். நாத்தனார் குழந்தையைக் கூடத்துத் தொட்டிலில் கிடத்தி, கைகழுவி வந்து, தன் மாஸ்க்கைக் கழற்றுகிறாள். ஒரு பாதத்தில் முத்தம் வைத்து, "இது அத்தையோடது" என்கிறாள். பிறகு அறைக்குள் கட்டிலில் இருப்பவளுக்குத் தெரியும்படி குழந்தையைத் தூக்கிப் பிடித்து, "இது உங்கம்மாவோடது" என்று மற்ற பாதத்தில் அழுத்தி இன்னொன்று வைக்கிறாள்.