போகியில் போன ஐந்தாம் பாகம்

மார்கழி பிறந்தால் எனக்கு ஒரே ஒரு சுகம்தான். வாசலில் கோலம் போட்டுவிட்டு, காபியும் சால்வையுமாக உட்கார்ந்து, ஐந்து பாகமுள்ள ஒரு பழைய மாயாஜால நாவலை மறுபடி முதலிலிருந்து படிப்பேன். கதை மனப்பாடம். ஆனாலும் மந்திரவாதியின் குகை வரும்போதெல்லாம் பூந்தமல்லிப் பனி கொஞ்சம் கூடுதலாகக் குளிரும்.

போன போகிக்கு என் கணவரின் அண்ணன் ஐந்தாம் பாகத்தைக் கிழிந்த பாயோடு சேர்த்துக் கொளுத்திவிட்டார். ஓடிப்போய்க் கேட்டேன்.

"அட்டையே இல்லாம கீஞ்சி கெடந்துச்சு. படிச்ச கதைதானேம்மா?" என்று சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இந்த மார்கழியில் அவர் பைக்கிலிருந்து விழுந்து, காலில் மாவுக்கட்டோடு வீட்டில் கிடக்கிறார். பொழுது போகாமல் முதல் பாகத்தை எடுத்தவர், பத்தே நாளில் நாலையும் முடித்துவிட்டார். நாலாம் பாகம், இளவரசியைக் குகைக்குள் வைத்துப் பூட்டுவதோடு முடியும்.

"அஞ்சாவது எங்கம்மா கீது?"

"நீங்கதானே மாமா போகில கொளுத்தினீங்க?"

"சரி, வாயாலயாவது சொல்லேன். அந்தப் பொண்ணு வெளிய வந்தாளா?"

"மறந்துபோச்சு மாமா."

பழைய புத்தகக் கடைகளில் அலைந்து ஐந்தாம் பாகத்தை நான் ஆடியிலேயே வாங்கிவிட்டேன். அதற்குக் காலண்டர் தாளில் அட்டை போட்டு, தினமும் காலையில் அவர் எதிரிலேயே உட்கார்ந்து படிக்கிறேன்.

"இன்னாம்மா படிக்கிற?"

"சமையல் குறிப்பு மாமா."