காதுகுத்தும் கடைசி ஆட்டமும்

எங்கள் சிரம்பான் காற்பந்து அணி மலேசிய லீக்கின் இரண்டாம் பிரிவிலிருந்து முதல் பிரிவுக்கு ஏறிய வருடம், என் தம்பி அந்த அணியின் கோல்கீப்பர். இப்படிச் சொன்னால் கேட்பவர்கள் வாயைப் பிளக்கிறார்கள். அதனால் மீதியையும் உடனே சொல்லிவிடுவேன். அவன் இரண்டாவது கோல்கீப்பர். முதல் ஆளுக்குக் காய்ச்சலோ சுளுக்கோ வந்தால் இறக்குவதற்காகப் பெஞ்சில் உட்கார வைத்திருக்கும் ஆள். அந்த வருடம் முதல் ஆளுக்கு ஒரு தும்மல்கூட வரவில்லை. நல்ல மனிதர், என்னைப் பார்த்தால் சிரிப்பார், நலம் விசாரிப்பார். இருந்தாலும் அவர் திடகாத்திரமாக நடந்து வருவதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

தம்பிக்கு முப்பத்து நான்கு வயது. கிளந்தானில், பேராக்கில் என்று எத்தனையோ அணிகளின் பெஞ்சுகளைத் தேய்த்துவிட்டுச் சொந்த ஊருக்கு வந்திருந்தான். அந்தப் பருவம் முடிந்தால் ஒப்பந்தமும் முடிகிறது. அதற்கு மேல் யாரும் கூப்பிடப் போவதில்லை என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

"ஒரே ஒரு மேட்ச்க்கா. முழுசா, நம்ம ஊர் திடல்ல. அது போதும். அப்புறம் கிளவுசக் கழட்டி வச்சிட்டு கிலாங் வேலைக்கு வந்துருவேன்" என்பான்.

கிலாங் என்றால் தொழிற்சாலை. நான் செனாவாங்கில் ஒரு கிலாங்கில் லைன் சூப்பர்வைசர். சின்ன வயதில் ரப்பர் தோட்டத்துத் திடலில் பையன்கள் என்னை ஆட்டத்தில் சேர்க்க மாட்டார்கள். எனக்கோ உதைக்காமல் இருக்க முடியாது. அதனால் தம்பியைப் பிடித்துக் கம்பத்துக்கு நடுவில் நிறுத்தி, பொழுது சாயும்வரை பெனால்டி உதைப்பேன். அவன் கோல்கீப்பர் ஆனதற்கு நான்தான் காரணம் என்று இன்றைக்கும் சொல்லிக்கொள்கிறேன். அவன் மறுத்ததில்லை. அம்மா அப்பா போன பிறகு, பிறந்த வீடு என்று எனக்கு இருந்தது அவன் ஒருவன்தான்.

அந்தப் பருவம் முழுக்க எங்கள் அணி ஜெயித்துக்கொண்டே இருந்தது. உள்ளூர் ஆட்டம் என்றால் நானும் என் வீட்டுக்காரரும் மகளைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அவர் சுங்கை காடுட்டில் லாரி ஓட்டுகிறார், அவருக்குப் பந்தைவிட அரங்கத்துக்கு வெளியே விற்கும் பொரித்த கோழிதான் முக்கியம். கோல் விழுந்தால் பெஞ்சிலிருந்து முதலில் துள்ளி எழுகிறவன் என் தம்பியாகத்தான் இருப்பான். அந்தத் துள்ளலில் பொய் இல்லை. அதைப் பார்க்கத்தான் எனக்கு வயிறு எரியும். கொஞ்சமாவது பொறாமைப்படு, கழுதை என்று மனசுக்குள் திட்டுவேன்.

இதற்கு நடுவில் என் மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது.

எங்கள் பக்கம் ஒற்றைப்படை வயதில்தான் குத்துவார்கள். முதல் வயதில் குத்தியிருக்க வேண்டும். அப்போது தம்பி கிளந்தானில் இருந்தான், லீவு கிடைக்கவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தானே காது குத்துவது? மடி வரவில்லை, காதும் குத்தவில்லை. இப்போது மூன்றாம் வயது முடியப்போகிறது. என் மாமியாருக்குப் பொறுமை போய்விட்டது. கெமாசுக்கு வெளியே, அவர்கள் இருந்த தோட்டத்தில் உள்ள முனீஸ்வரர் கோயிலில்தான் செய்ய வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்தார். பூசாரியைக் கேட்டு, பஞ்சாங்கம் பார்த்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையைக் குறித்தார். லீக் முடிந்து அடுத்த வாரம் அது. எல்லாம் பார்த்துப் பார்த்துத்தான் செய்தோம். இந்த நாட்டில் மழைக்காலம் என்று ஒன்று இருப்பதை மட்டும் ஒருத்தரும் நினைக்கவில்லை.

எங்கள் அணியின் ஓர் ஆட்டம் பாதியில் இடி மின்னல் வந்து நின்றுபோனது. திடலில் முழங்கால் தண்ணீர். மறு ஆட்டத்தைத் தூக்கி எங்கள் ஞாயிற்றுக்கிழமையிலேயே போட்டார்கள், மாலை ஆட்டம். அதற்குள் மற்ற ஆட்டங்களும் முடிந்து, அன்றைக்கு ஜெயித்தாலும் சரி, சமமாக முடித்தாலும் சரி, நாங்கள் மேலே போகிறோம் என்று ஆகிவிட்டது. தோற்றால் மறுபடியும் இரண்டாம் பிரிவுதான்.

தம்பிக்கு ஒரு கவலையும் இல்லை. "நான் இல்லாட்டி என்னக்கா? பெஞ்சுல குந்துறதுக்கு மூணாவது கீப்பர் இருக்கான். கோச்கிட்ட லீவு கேட்டுட்டேன், குடுத்துட்டாரு" என்றான்.

அந்த வாரம் புதன்கிழமை பயிற்சியில் முதல் கோல்கீப்பரின் விரல் பிசகிவிட்டது.

தம்பி போன் செய்தான். "அக்கா" என்றான். அந்தக் குரலிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. முதலில் எனக்கு வந்தது சந்தோஷம்தான், வெட்கத்தோடு ஒத்துக்கொள்கிறேன், பாவம் அந்த மனிதர். அப்புறம்தான் ஞாயிற்றுக்கிழமை ஞாபகம் வந்தது. உள்ளூர் ஆட்டமாக இருந்தாலும் ஆட்டக்காரர்களை முதல் நாளே ஓட்டலில் கொண்டுபோய்ப் பூட்டிவிடுவார்கள். கெமாசுக்குப் போய்வரும் பேச்சே இல்லை.

"நீ வான்னு சொன்னா வந்துருவேன்க்கா" என்றான் தம்பி.

எனக்குக் கோபம் தலைக்கேறியது. "என் தலையில கட்டுறியா நீ? பேசாம போனை வை" என்று சொல்லி நானே வைத்துவிட்டேன். அவன் சொன்னால் செய்வான். அதுதான் பயம்.

மாமியார் ஒரு வழி சொன்னார். என் பெரியப்பா மகன் சிரம்பானிலேயே இருக்கிறான், அவனும் தாய்மாமன் முறைதானே? நியாயமான பேச்சுத்தான். ஆனால் என் பெரியப்பா மகனுக்கு என் மகளின் பெயரே தெரியாது. அவள் பிறந்த அன்றைக்குக் கிளந்தானிலிருந்து ராத்திரி பஸ் பிடித்து வந்து, ஐந்து நிமிடம் தூக்கி வைத்திருந்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போனவன் என் தம்பி. நான் முடியாது என்றேன். மாமியாருக்கு முகம் தொங்கிப்போனது. "அப்ப அஞ்சாவது வயசுலதான் குத்தணும். ஒரு பந்துக்காகப் புள்ளை மூளிக் காதோட திரியட்டும்" என்று சமையலறைக்குள் போய்ப் பாத்திரங்களோடு பேச ஆரம்பித்தார்.

மறுநாள் வேலை முடிந்ததும் கிலாங் சட்டையோடு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேராகப் பயிற்சித் திடலுக்குப் போனேன். கோச் ரெம்பாவ் பக்கத்து மலாய்க்காரர், அதிகம் பேசாதவர். காலையில் ஒரு மணி நேரம் தம்பியை விட முடியுமா, சிரம்பானில் எந்தக் கோயிலிலாவது முடித்துக்கொள்கிறோம் என்று கேட்கத்தான் போனேன். காது குத்துவது என்றால் என்ன, மடி எதற்கு என்று இவருக்கு எங்கே புரியப்போகிறது என்று வழியெல்லாம் மலாயில் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். மரியாதையாகத் துரத்திவிடுவார் என்றுதான் நினைத்தேன்.

நான் பாதி சொல்லும்போதே அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "உன் தம்பி. அதாவது பிள்ளைக்கு அம்மாவோட சகோதரன்?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் எதற்கு இவ்வளவு விளக்கம்?" என்றார்.

ரெம்பாவ் மலாய்க்காரர்களிடம் வீடும் நிலமும் பெண்பிள்ளைகளுக்குத்தான் போகும். கல்யாணப் பேச்சென்றால் தாயின் சகோதரன் வந்து உட்கார்ந்தால்தான் பேச்சே தொடங்கும். இதெல்லாம் இந்த மாநிலத்தில் பிறந்து வளர்ந்த எனக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் படித்து மதிப்பெண்ணே வாங்கியிருக்கிறேன். ஆனால் நம் தாய்மாமனும் அவர்கள் தாய்மாமனும் பக்கத்துப் பக்கத்து வீட்டுக்காரர்கள் என்பது அன்றைக்குத்தான் என் மண்டையில் ஏறியது. கோச் தன் அக்கா மகளின் நிச்சயத்துக்காக ஒரு முறை அரையிறுதி ஆட்டத்தையே விட்டுவிட்டுப் போனாராம். "அவனை வெளியே விட முடியாது. சட்டம் சட்டம்தான். ஆனால் பிள்ளையை உள்ளே கொண்டு வரக்கூடாது என்று சட்டமில்லை" என்றார்.

இப்படியாக, ஓட்டலுக்குப் பின்னால் கார்கள் நிறுத்தும் இடத்தை ஒட்டி இருந்த கொட்டகையில் என் மகளுக்குக் காதுகுத்து நடந்தது.

மாமியாரைச் சமாதானம் செய்தது என் வீட்டுக்காரர். சனிக்கிழமை அவரைக் கெமாசுக்கு அழைத்துப் போய், முனீஸ்வரரிடம் நிலைமையைச் சொல்லி, திருநீறும் மஞ்சளும் வேப்பிலையும் எடுத்து வந்தார்கள். "அவரு ஒண்ணும் சொல்லல" என்றார் மாமியார், கொஞ்சம் ஏமாற்றத்தோடு. நகைக்கடை ஆசாரி தங்கக் கம்பியோடு வந்தார். தம்பி வேட்டி கட்டி, மேலே அணியின் சட்டையைப் போட்டுக்கொண்டு பாயில் உட்கார்ந்தான். கோச்சிலிருந்து விரல் பிசகிய கோல்கீப்பர் வரை மொத்த அணியும் சுற்றி நின்றது. அந்த மனிதர் கட்டுப்போட்ட கையால் என் மகளுக்கு ஒரு பொம்மை நீட்டினார். நான் அவரை ஏறிட்டுப் பார்க்க முடியாமல் வேப்பிலையைச் சரிசெய்துகொண்டிருந்தேன்.

முதல் காதுக்கு என் மகள் பொம்மையைப் பார்த்து ஏமாந்துவிட்டாள். இரண்டாவது காதுக்கு ஏமாறவில்லை. கம்பி உள்ளே போன நொடியில், தன் கன்னத்தைப் பிடித்திருந்த மாமனின் கட்டை விரலை வாயில் வாங்கி ஒரு கடி கடித்தாள். சாதாரணக் கடியில்லை. தம்பி சத்தம் போடவில்லை, பிள்ளை பயந்துவிடும் என்று. கண்ணில் மட்டும் தண்ணீர் முட்டியது. விரலை விடுவித்தபோது பல் பதிந்த இடத்தில் ரத்தம்.

கொட்டகையில் எல்லோருடைய கண்ணும் அந்த விரல் மேல்தான். கோல்கீப்பரின் கட்டை விரல், அதுவும் இருக்கிற ஒரே நல்ல கோல்கீப்பரின் விரல்.

"எந்த டீம்காரனும் செய்யாத வேலைய என் மக செஞ்சிட்டா" என்றார் என் வீட்டுக்காரர். ஒருவரும் சிரிக்கவில்லை. அணியின் பிசியோ ஓடி வந்து விரலை மடக்கி நீட்டிப் பார்த்தார். கோச் தம்பியின் முகத்தை மட்டும் பார்த்து, "போலே?" என்று கேட்டார். முடியுமா என்று அர்த்தம்.

"போலே" என்றான் தம்பி, அழும் பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டே.

மாலை ஆட்டத்துக்கு மாமியாரும் வந்தார். வாழ்க்கையில் அவர் பார்க்கும் முதல் காற்பந்து ஆட்டம். புள்ளையைத் தனியாக விட மாட்டேன் என்று காரணம் சொன்னார்.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த அணிக்காகத் தம்பி ஆடிய முதல் ஆட்டமும் கடைசி ஆட்டமும் அதுதான். முதல் பிரிவுக்குப் போனதும் வேறு கோல்கீப்பர்களை எடுத்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. தம்பி இப்போது சுங்கை காடுட்டில் ஒரு கிலாங்கில் வேலை செய்கிறான். நன்றாகத் தூங்குகிறான், கொஞ்சம் தொப்பை போட்டிருக்கிறது.

அன்றைக்கு எதிரணிக்கு ஜெயித்தே ஆக வேண்டிய கட்டாயம், அதனால் மேலேயே வந்து விழுந்தார்கள். எங்கள் ஆட்கள் பயத்தில் பந்தை எங்கேயோ உதைத்தார்கள். அழகான ஆட்டம் என்று பொய் சொல்ல மாட்டேன். தம்பி ஒரு பந்தைத் தட்டினான், இன்னொன்றை வயிற்றோடு அணைத்து விழுந்தான். ஒவ்வொரு முறை பந்து கையில் பட்டதும் அந்தக் கட்டை விரலை உதறுவது எனக்கு மேலிருந்தே தெரிந்தது. முடிய இரண்டு மூன்று நிமிடம் இருக்கும்போது ஒரு கார்னர். தலையால் முட்டிய பந்து கம்பத்தின் ஓரமாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். சுற்றியிருந்தவர்கள் கத்தியதில் திறந்து பார்த்தேன். பந்து வெளியே கிடந்தது, தம்பி கம்பத்தடியில் குப்புறக் கிடந்தான். அவ்வளவு வருடம் அவனுக்குப் பந்து உதைத்துப் பழக்கிய நான், அவன் தடுத்த ஒரே பெரிய பந்தைப் பார்க்கவில்லை. அந்த எரிச்சல் இன்னும் தீரவில்லை.

விசில் ஊதினார்கள். எல்லோரும் திடலின் நடுவுக்கு ஓடினார்கள். பெஞ்சிலிருந்தவர்கள், கோச், தண்ணீர் பாட்டில் தூக்குகிறவர் வரை ஓடினார்கள். தம்பி மட்டும் ஓடவில்லை. திரும்பி, ஒன்றும் விழாத வலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றான். பிறகு கோட்டின் மேலேயே உட்கார்ந்து, கிளவுஸ் போட்ட இரண்டு கைகளிலும் முகத்தைப் புதைத்துக்கொண்டான். தோள் குலுங்கியது.

மாமியார் என் கையைப் பிடித்து உலுக்கினார். "ஏம்மா, உன் தம்பி ஏன் அழுவுறான்? தோத்துட்டாங்களா?"

"இல்ல அத்தை. மேல போயிட்டோம்."

அவர் கோல் கணக்குப் பலகையை நிமிர்ந்து பார்த்தார், திடலைப் பார்த்தார், மறுபடியும் பலகையைப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் கோசோங், வெறும் முட்டைதானே போட்டிருக்கு. ஒரு முட்டைக்கா இப்படி அழுவுறான்?"

"ஆமா அத்தை" என்றேன். "அந்த முட்டைக்குத்தான்."